நாய்க்கும் ஒரு கல்

1997 மே மாதம். வன்னியம்பட்டி நிறுத்தத்தில் ஒன்றரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தேன். ராஜபாளையம் போகும் வண்டியும் வரவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வண்டியும் வரவில்லை. மேற்கே மலை, வெயிலில் கரைந்து வெறும் நீலக் கோடாகத் தெரிந்தது. மில்லில் இரண்டாம் ஷிப்டுக்குப் போக வேண்டிய ஒருவர் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, மரத்தடியில் துண்டை உதறி விரித்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னைக்கு வண்டி வராது போலிருக்கு அண்ணாச்சி" என்றேன்.

"பஸ்ஸுக்கு என்ன பேரு வச்சா என்ன தம்பி? டிக்கெட்டு அதே வெலதான?" என்றார். சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அந்தக் கோடையில் எங்கள் பக்கத்தில் எல்லோருமே பேசி முடித்ததும் அப்படித்தான் பார்த்துக்கொண்டோம்.

அந்தப் பெயர் சுந்தரலிங்கம். ஒட்டப்பிடாரத்தை அடுத்த கவர்னகிரியில் பிறந்தவர், கட்டபொம்மனின் படைத்தளபதி. 1799-ல் கும்பினிக்காரர்களின் வெடிமருந்துக் கிடங்குக்குள், வடிவு என்ற முறைப்பெண்ணோடு தீப்பந்தத்துடன் பாய்ந்து, கிடங்கையும் தன்னையும் ஒன்றாக எரித்துக்கொண்டார் என்று தென்பாண்டிச் சீமையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அதற்கு 198 ஆண்டுகளுக்குப் பிறகு விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதிய போக்குவரத்துக் கழகம் தொடங்கி, அதற்கு அவர் பெயரை அரசு வைத்தது. அந்தப் பெயர் எழுதிய வண்டியில் ஏற மாட்டோம் என்றார்கள் ஒரு சாரார். காரணம் அவர் பிறந்த சாதி. பிறகு கல்லெறி, தீவைப்பு, அரிவாள். உயிர்கள் போயின.

ஜூலையில் அரசு ஒரு முடிவுக்கு வந்தது. எந்தப் போக்குவரத்துக் கழகத்துக்கும் எந்த மாவட்டத்துக்கும் இனி எந்தத் தலைவர் பெயரும் கிடையாது. சுந்தரலிங்கத்தோடு கட்டபொம்மனும் இறங்கினார். மருதுபாண்டியர், தீரன் சின்னமலை, ராணி மங்கம்மாள், ஜீவா, சேரன், சோழன், பாண்டியன் என்று வரிசையாக இறங்கினார்கள். யார் வம்புக்கும் போகாத திருவள்ளுவரைக்கூட விரைவுப் பேருந்திலிருந்து அழித்தார்கள். காமராஜர் மாவட்டம் என்று முகவரி எழுதிப் பழகியிருந்த நாங்கள் விருதுநகர் மாவட்டம் என்று எழுதத் தொடங்கினோம். ஒருவர் பெயரைப் பொறுக்க மாட்டாத குற்றத்துக்கு எல்லாப் பெயர்களும் தண்டனை அனுபவித்தன.

கிடங்குக்குள் பாய்ந்த அந்தக் கணத்தில் அவர் என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். பாஞ்சாலங்குறிச்சியை நினைத்திருக்கலாம், பக்கத்தில் நின்ற வடிவை நினைத்திருக்கலாம். ஒரு பேருந்தின் நெற்றியை நினைத்திருக்க மாட்டார். செய்த காரியம் முழுக்க அவருடையது. அதற்குக் கிடைத்த பெயரோ அவர் கையில் இல்லை. அதைத் தூக்கி வைக்கவும், ஒளித்து வைக்கவும், அடித்துக்கொள்ள ஆயுதமாக எடுக்கவும், பெயின்ட் அடித்து அழிக்கவும் பின்னால் வந்த நமக்கு முடிந்தது.

புகழ் வேண்டும் என்று புறப்படுகிறவன் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. தன் பெயரில் பத்திரம் எழுத முடியாத நிலத்துக்கு அவன் ஆயுள் முழுக்கக் கிஸ்தி கட்டுகிறான்.

இதைச் சொன்னால் தமிழ் படித்தவர்கள் சும்மா விட மாட்டார்கள். நம்முடைய பழைய பாட்டெல்லாம் புகழைத்தானே பாடுகிறது, வள்ளுவரே புகழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறாரே என்பார்கள். ஒதுக்கியிருக்கிறார். எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும். படைச்செருக்கு பொருட்பாலில் 78-ஆம் அதிகாரமாக வருகிறது. வேலும் யானையும் அங்கே இருக்கின்றன. புகழ் என்ற அதிகாரம் அங்கே இல்லை. அறத்துப்பாலில், இல்லறவியலின் கடைசி அதிகாரமாக, 24-ஆவதாக இருக்கிறது. அதற்கு முந்தைய அதிகாரம் ஈகை. திண்ணையும் அடுப்படியும் விருந்தாளியும் உள்ள வீட்டில் கொடுத்துக் கொடுத்து வாழ்ந்த ஒருவன், அந்த வாழ்க்கையின் கடைசிப் படியில் வந்து சேரும் இடமாகப் புகழை வைத்திருக்கிறார். போருக்குப் போகிறவனைப் பார்த்து அவர் சொன்னதாக நாம் நினைத்துக்கொண்டிருப்பது பந்தி பரிமாறுகிறவனைப் பார்த்துச் சொன்னது.

போர்க்களத்துப் புகழிலும் நம் முன்னோர் கணக்கு அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. வெண்ணிப்பறந்தலைப் போரை எடுத்துக்கொள்ளலாம். கரிகாலன் வென்றான். எதிர்த்து நின்ற சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பில் பாய்ந்த வேல் முதுகு வழியே வெளியே வந்தது. முதுகில் தெரிந்த காயம் புறமுதுகிட்டவனின் காயம்போல் இருக்கிறதே என்று நாணி, வாளோடு வடக்கிருந்து உயிரை விட்டான் சேரன். வெற்றி பெற்ற சோழனைப் பாட வந்தார் வெண்ணிக்குயத்தியார். பெயரே சொல்கிறது, வெண்ணி ஊரைச் சேர்ந்த குயவர் வீட்டுப் பெண். அவர் கரிகாலனுடைய முன்னோர் பெருமையை எல்லாம் முறையாகச் சொல்லிவிட்டு, உன்னைவிட, புறப்புண்ணுக்கு நாணிச் செத்தானே, அவன் நல்லவன் அல்லவா என்று கேட்டுவிட்டார். பாட்டு புறநானூற்றில் 66-ஆவதாக இருக்கிறது.

இந்தக் காட்சியை அரசன் பக்கமிருந்து பார்க்கிறேன். பரிசில் கொடுக்கக் கையெடுத்தவன். இரு பெருவேந்தரையும் பதினொரு வேளிரையும் தோற்கடித்தவன். அவன் சபையிலேயே ஒரு குயத்தியார் புகழை எடுத்துத் தோற்றவன் கணக்கில் வரவு வைக்கிறார். அவன் வாளால் வென்றதில் எதையும் அவர் மறுக்கவில்லை. அவர் அளந்த படி வேறு. புகழின் படி எப்போதும் வேறொருவர் கையில்தான் இருக்கிறது. அவர் புலவராக இருக்கலாம், பானை வனைகிறவராக இருக்கலாம், மரத்தடியில் வண்டிக்குக் காத்திருக்கும் மில் தொழிலாளியாகவும் இருக்கலாம்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் கிடந்தன. மட்டமான தாள், ஓரம் மடங்கிய அட்டை, விளக்கெண்ணெய்க் கறை. அவற்றில் தேசிங்குராஜன் கதையை மட்டும் நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. நாடு நாடாகச் சுற்றி வீரம் காட்டிப் பெயர் தேடும் மேல்நாட்டுக் குதிரைவீரர்கள் கதை பின்னால் படிக்கக் கிடைத்தபோது, இவனை எனக்கு முன்பே தெரியுமே என்றுதான் பட்டது. செஞ்சிக்கோட்டையின் இளைஞன். கப்பம் கட்ட மாட்டேன் என்று ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகானை எதிர்த்து, சில நூறு குதிரைவீரர்களோடு ஒரு பெரும்படைக்குள் பாய்ந்து, 1714 அக்டோபரில் செத்தவன். வயது இருபத்திரண்டு என்பார்கள். கல்யாண மாலை வாடுவதற்குள் களத்துக்கு வந்த மாவத்துக்காரன் அவனுடைய நண்பன். அவர்கள் குதிரைகளுக்கும் கதையில் பெயர் உண்டு. தேசிங்கின் குதிரை ஆற்று வெள்ளத்தைத் தாண்டும் இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

ஐம்பது வயதுக்கு மேல் அதே கதையை எடுத்துப் பார்த்தபோது கண்ணில் பட்டது வேறு. சில நூறு பேரில் எனக்கு இருவர் பெயர்தான் தெரியும். மற்றவர்களுக்கு அம்மா இருந்திருப்பாள், கொல்லையில் கட்டிய கன்று இருந்திருக்கும். துணைக்கு ஆள் சேரும்வரை பொறு என்று பெரியவர்கள் சொன்னதைத் தேசிங்கு கேட்கவில்லை என்கிறது கதை. பொறுத்தால் பெயர் கெடும். அவன் பெயர் கெடவில்லை, முந்நூறு ஆண்டுகளாகத் தெருக்கூத்தில் நிற்கிறது. அந்தப் பெயருக்கு விலை கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அதில் பங்கு பெறவில்லை. அவன் வீரத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கப்பம் கேட்டவன் பக்கம் நியாயம் இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஆனாலும் அவனோடு போன பெயரில்லாதவர்களை நினைக்காமல் இனி அந்தக் குதிரைப் பாய்ச்சலைப் படிக்க என்னால் முடியாது.

கதைப் புத்தகம் படித்தே புத்தி பேதலித்துப் புகழ் தேடக் கிளம்பியவன் ஒருவன் ஸ்பெயின் இலக்கியத்தில் இருக்கிறான். டான் குயிக்ஸாட். காற்றாலைகளை அரக்கர்கள் என்று எண்ணி ஈட்டியோடு மோதினானே, அவன்தான். எழுதிய செர்வாண்டிஸ் உண்மையான போர்வீரர். 1571-ல் லெபாண்டோ கடற்போரில் குண்டடி பட்டு இடது கை பயனில்லாமல் போனவர். களத்தைக் கண்ணால் பார்த்தவருக்குத்தான் வீரக்கதை மயக்கத்தைக் கேலி செய்யவும், கேலி செய்துகொண்டே அந்தக் கிறுக்கனை நேசிக்கவும் முடிந்திருக்கிறது.

மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் கயத்தாற்றை நெருங்கும்போதெல்லாம் எனக்கு அவன் நினைவு வரும். அங்கே பொட்டல் முழுக்கக் காற்றாலைகள். வெள்ளைக் கைகளை வீசிக்கொண்டு சாவதானமாகச் சுற்றுகின்றன. அதே கயத்தாற்றில்தான் 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். இப்போது நிற்கும் சிலை நடிகர் சிவாஜி கணேசன் இடம் வாங்கி 1970-ல் எழுப்பியது. அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது? கல் குவியல் இருந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் போவார்களாம். மாட்டு வண்டிக்காரனும் கருவாட்டுக்காரியும் போட்ட கற்கள். எழுத்து ஏதும் கிடையாது. யாருக்கு எதற்கு என்று போடுகிறவர்களுக்குத் தெரியும், அது போதும் என்று இருந்திருக்கிறது.

சிலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊர்ப்பக்கமிருந்து தெற்கே போகப் போக, தலைவர்கள் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறார்கள். பூட்டு போட்டிருக்கும். பிறந்த நாளைக்கும் நினைவு நாளைக்கும் திறந்து மாலை போட்டு மறுபடி பூட்டுவார்கள். மாலை அங்கேயே காய்ந்து நாராகி, கம்பியில் சிக்கிக்கொண்டு ஆடும். வாழும்போது சிறைக்கு அஞ்சாதவர்களை, செத்த பிறகு நம்மிடமிருந்து காப்பாற்ற நாமே சிறை வைத்திருக்கிறோம்.

சிலை எழுப்ப வசதியில்லாதவர்களுக்கு ஃபிளெக்ஸ் இருக்கிறது. காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நாற்சந்தியில் பத்தடி உயரம். தூக்கிய மீசை, கறுப்புக் கண்ணாடி, பின்னால் பாயும் சிங்கம். எந்த யுத்தத்தில் பாய்ந்தது என்று கேட்கக் கூடாது. 2019-ல் சென்னையில் அப்படி ஒரு பேனர் சரிந்து விழுந்ததில் ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் லாரியில் சிக்கி இறந்துபோனாள். பெயர் தேடுகிறவன் பெயர் இன்னொரு வீட்டு முற்றத்தில் பிணமாக வந்து இறங்கிய நாள் அது. போன ஐப்பசியில் வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு மாட்டுத் தொழுவத்துக்குள் மழைக்கு ஒதுங்கினேன். கூரை ஒழுகாமல் இருக்க ஃபிளெக்ஸ் துணியை உள்பக்கமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். தலைகீழாக ஒரு முகம், கூப்பிய கை, பாதி வாழ்த்து. கீழே ஒரு பசு அசை போட்டுக்கொண்டு நின்றது. உண்மையைச் சொன்னால், அந்தப் பெரிய மனிதர் அதுவரை செய்தவற்றில் அதுதான் உருப்படியான காரியமாக இருக்கும்.

இப்படிக் கசப்பாகவே பேசிக்கொண்டு போவதும் சரியில்லை. ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் இருக்கிறது. அது ஒரு காலத்தில் ஒருவர் குடியிருந்த வீடு. பூ.ச. குமாரசுவாமி ராஜா, 1898-ல் அதே ஊரில் பிறந்தவர். பிறந்த சில நாளில் தாயையும், விவரம் தெரியும் முன்பே தந்தையையும் இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனார். 1949-லிருந்து 1952 வரை, இன்றைய தமிழ்நாடும் ஆந்திரமும் கேரளத்தின் மலபாரும் சேர்ந்திருந்த அந்தப் பெரிய சென்னை மாகாணத்துக்கு முதலமைச்சர். 1952 பொதுத்தேர்தலில் சொந்தச் சீமையில், ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலேயே தோற்றார். முதலமைச்சராக இருந்துகொண்டே தோற்றார். பிறகு ஒரிசாவின் ஆளுநராகச் சில ஆண்டுகள். 1957-ல் காலமானார்.

தம் வீட்டை ஊருக்குக் கொடுத்தார். கொடுக்கிறவர்கள் உண்டு, அது அவ்வளவு அரிதல்ல. கொடுத்துவிட்டு வாசலில் தம் பெயரை வைக்காதவர்கள் அரிது. காந்தி பெயரை வைத்தார். இன்றைக்கு அந்த வழியாக மாம்பழக் கூடையோடு போகிற யாரையாவது நிறுத்தி, இங்கே முன்பு முதலமைச்சராக இருந்தவர் பெயர் என்ன என்று கேட்டால், எல்லோரும் உடனே சொல்லிவிட மாட்டார்கள். இதை நான் ஊர்க்காரர்களின் நன்றிகெட்டதனமாக எடுத்துக்கொண்டு வருத்தப்பட்ட காலம் உண்டு. இப்போது வருத்தமில்லை. அவர் கேட்டது கிடைத்திருக்கிறது. வீடு ஊருக்குப் பயன்பட வேண்டும் என்றார், பயன்படுகிறது.

இனி நாய்க்கு வருகிறேன்.

ராஜபாளையம் என்றதும் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது நாயைப் பற்றித்தான். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, அந்நியரை அண்டவிடாத குணம். 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலைகூட வெளியிட்டது. எங்கள் ஊரில் முதலமைச்சரைவிட நாய்க்குப் புகழ் அதிகம் என்று நாங்களே சொல்லிச் சிரித்துக்கொள்வோம். ஆனால் நான் சொல்ல வந்த நாய் அந்தத் தபால்தலைக்கு 1,300 ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தன் எருமைகளைக் காக்கும்போது இறந்துபோன ஒருவனுக்கு எடுத்தது. வில்லும் கையுமாக அவன் நிற்கிறான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள்.

சிற்றரசர்கள் பலர் எழுத்தில் இடம்பெறாமலே மறைந்த காலத்தில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். உளி பிடித்தவனுக்கு ஓர் எழுத்துக்கு எவ்வளவு நேரமாகும், கை எவ்வளவு வலிக்கும் என்று கல்தச்சரைக் கேட்டால் தெரியும். புகழ் என்ற சொல்லே எட்டாத ஓர் உயிர். தன் ஆளையும் தன் மந்தையையும் தவிர எதையும் அது நினைத்திருக்காது. அந்த ஊர்க்காரர்கள் அதைத் தராசில் வைத்துப் பார்த்து, இதற்கும் எழுத்துண்டு என்று முடிவு செய்திருக்கிறார்கள். வெண்ணிக்குயத்தியாரின் தராசும் இதுவும் ஒரே கொல்லன் பட்டறையில் செய்தவை என்று நினைக்கத் தோன்றுகிறது.

நடுகல் மரபு நமக்கு அவ்வளவு பழையது. தேனி மாவட்டத்தில் வைகைக் கரையில் இருக்கும் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்களில் எழுத்து தமிழி. கிறிஸ்து பிறப்பதற்கும் முந்தையவை. ஒன்றில் இருப்பது ஊர், ஆள், எந்த ஊர் மாட்டுச் சண்டை என்கிற அளவுக்குச் சில சொற்கள்தான். சூரன் என்றோ சிங்கம் என்றோ ஓர் அடைமொழி கிடையாது. மாட்டைக் கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. இரண்டுக்கும் கல் நட்டார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து நியாயம் அது. ஆனால் எங்கள் கிராமங்களில் இன்றைக்கும் எண்ணெய் காணும் கற்களை யாருடையவை என்று விசாரித்தால், பெரும்பாலும் மீட்கப் போனவன் கதையைத்தான் சொல்கிறார்கள். கவர்ந்தவன் கதை எங்கோ வழியில் உதிர்ந்துவிட்டது.

அப்படி ஒரு கல் எனக்குப் பழக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம். தெரிந்தால் யாராவது கூண்டு கட்டிவிடுவார்கள். கண்மாய்க் கரையில், மடையை ஒட்டி, இரண்டு பனைகளுக்கு நடுவே சாய்ந்து நிற்கிறது. முழங்கால் உயரம். உருவமெல்லாம் தேய்ந்து, ஒரு கை மட்டும் ஏதோ பிடித்திருப்பதுபோல் தெரியும். வாளா, மாட்டுக் கயிறா என்று சொல்ல முடியாது. எண்ணெய் ஏறி ஏறிக் கல் கரும்பளபளப்பாகிவிட்டது. சென்ற தை மாதம், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் போயிருந்தேன். ஒரு பாட்டி சின்னக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் கொண்டுவந்து, விரலால் தொட்டு, குழந்தைக்குத் தேய்ப்பதுபோல் கல்லின் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்து முடித்து மீதி எண்ணெயைத் தன் முழங்காலில் தடவிக்கொண்டார்.

"யாரு பாட்டி இது?"

"மாடு மீக்கப் போனவருன்னு எங்க மாமியா சொல்லுவாக."

"பேரு?"

"பேரு தெரியாதுய்யா."

"பேரு தெரியாமலா இத்தன வருசமாக் கும்புடுறீக?"

பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கரைக்குக் கீழே, அறுத்த வயலில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகளைப் பார்த்தார். கொம்பில் பூசிய சாயம் இன்னும் ஈரம் உலராததுபோல் மின்னியது.

"மாடு திரும்பி வந்துருச்சுல்ல" என்றார்.